பொதிகை உச்சியில் நின்றால் இரண்டு கடலும் தெரியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேலை மாற்றலாகி அம்பாசமுத்திரம் வந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டுத் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், நின்றால் மேற்கே மலைத்தொடர் முழுக்கத் தெரிகிறது. அதில் கூம்பாக நிற்பதுதான் பொதிகை, திருநெல்வேலிச் சீமைக்கே உயரமான மலை என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி காட்டியிருக்கிறார். பாபநாசம் வழியாக ஏறிவிட்டால் உச்சியிலிருந்து கிழக்கே ஒரு கடல், மேற்கே ஒரு கடல், வானம் தெளிந்த நாளில் இலங்கைகூடத் தெரியும் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு வயது 54, மனைவிக்கு 49, இருவரும் தினமும் காலை நடை போகிறவர்கள். போகலாமா, எப்போது போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வழியும் அனுமதியும் விசாரித்தால் தெரிந்துவிடும். அந்தப் பாடு பட்டு ஏறினால் அந்தக் காட்சி கிடைக்குமா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரன். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். செடி சேகரிக்கவும் கணக்கெடுக்கவும் முண்டந்துறை, களக்காடு, மாஞ்சோலைக் காடுகளில் அலைந்த வருடங்கள் அதிகம். பொதிகை உச்சிக்கு நான்கு முறை போயிருக்கிறேன். ஒருமுறை நம் பக்கத்திலிருந்து, மூன்று முறை கேரளப் பக்கத்திலிருந்து. அந்த நான்கில் காட்சி என்று சொல்லத்தக்க ஒன்று கிடைத்தது ஒரே ஒருமுறை. மற்ற மூன்று தடவையும் பக்கத்தில் நிற்கிறவரின் தொப்பி தெரிந்தது, அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீங்கள் சரியான எடையோடு படிப்பீர்கள்.

உயரம் பற்றி அண்ணாச்சி சொன்னது சரி. அகத்தியர் மலை, அகத்தியர்கூடம், பொதிகை என்று பல பெயரில் சொல்லப்படும் அந்த உச்சி 1868 மீட்டர், அடிக்கணக்கில் சுமார் 6130. இரு மாநில எல்லையில் நிற்கிறது. தெற்கே பணகுடிப் பக்கம் உயர்ந்து நிற்கும் மகேந்திரகிரிகூட இதைவிடச் சுமார் 200 மீட்டர் குறைவுதான். ஆனால் பழைய நூல்களில் வரும் பொதியில், பொதியம் என்ற பெயர் இந்த ஒரு கூம்பை மட்டும் குறித்ததா, தொடர் முழுவதையுமா என்பதில் இரண்டு கருத்தும் உண்டு. தொடர் முழுவதையும் குறித்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது. ஐந்து தலையாக வரிசையாய் நிற்கும் ஐந்தலைப் பொதிகையையும் இந்தக் கூம்பையும் ஊர்க்காரர்களே மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். செங்கோட்டை ரயிலுக்கும், ரொம்ப நாள் தூர்தர்ஷன் அலைவரிசைக்கும் இருந்த பெயர் எந்த உச்சியுடையது என்று கேட்டால் பாதிப் பேர் கையை எங்கோ நீட்டுவார்கள். நீங்கள் தட்டட்டியில் பார்ப்பது தனிக் கூம்புதானா என்பதை ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி வழி. பாபநாசம் வழியாக இப்போது போக முடியாது. காரையாறுக்கு மேலே இருப்பது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் உட்பகுதி. 1988 முதல் அது புலிகள் காப்பகம். நம் பக்கத்திலிருந்து உச்சிக்கு ஏற வனத்துறை அனுமதி தருவதில்லை. முன்பு அப்படி இல்லை. காரையாறு அணையில் படகேறி பாணதீர்த்தம் பக்கம் இறங்கி, இஞ்சிக்குழி, கன்னிகட்டி, பூங்குளம் என்று போய், சித்ரா பௌர்ணமியை ஒட்டி அகத்தியருக்குப் பூசை செய்துவிட்டு வருகிறவர்கள் இருந்தார்கள். நான் முதலில் ஏறியதும் அந்த வழியில்தான், 1986இல், துறை அனுமதிக் கடிதத்தோடு. கூட வந்த காணிப் பழங்குடிப் பெரியவர் பூங்குளம் தாண்டியதுமே மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, “மஞ்சு ஏறுது சார், மேல ஒண்ணும் தெரியாது” என்றார். மஞ்சு என்றால் மலையை மூடும் மேகம். வயது அப்போது இருபத்தெட்டு, நான் கேட்கவில்லை. மேலே போய் அகத்தியர் சிலையைத் தொட்டுப் பார்த்ததுதான் மிச்சம், கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. இன்று யாராவது “காரையாறு வழியாக ரகசியமாகக் கூட்டிப்போகிறேன், பணம் கொடுங்கள்” என்றால் தயவுசெய்து போகாதீர்கள். வழக்கு வரும், யானை வரும், இரண்டில் எது முதலில் வரும் என்று சொல்ல முடியாது. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போன இடத்தில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் எந்த மலையிலும் அனுமதியில்லாமல் ஏறுவதை விளையாட்டாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

சட்டப்படி இருக்கிற ஒரே வழி கேரளப் பக்கம். திருவனந்தபுரம் போய், விதுரை வழியாகப் போனக்காடு. அங்கிருந்து நடை. வனத்துறை வழக்கமாக ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடியும்வரை, சபரிமலை மகரவிளக்கு முடிந்த கையோடு ஆரம்பித்து சிவராத்திரியை ஒட்டி முடிகிற மாதிரி, தினம் இத்தனை பேர் என்று கணக்கு வைத்து விடுகிறது. இணையத்தில் பதிவு. திறந்த கொஞ்ச நேரத்திலேயே இடம் தீர்ந்துவிடும் என்பதால் சனி, ஞாயிறைக் குறிவைக்காதீர்கள். பிளாஸ்டிக், மது, பூசைப் பொருட்கள் எதையும் உள்ளே விடமாட்டார்கள். கட்டணமும் நிபந்தனைகளும் வருடத்துக்கு வருடம் மாறுவதால் நான் எண் எதுவும் சொல்லவில்லை, அந்த வருட அறிவிப்பைப் பாருங்கள். மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள், எப்படியும் எடுத்து வையுங்கள். உங்கள் மனைவி வரலாம். நெடுங்காலம் பெண்களை மேலே விடாத மலை அது. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது, 2019 ஜனவரியிலிருந்து பெண்கள் போய்வருகிறார்கள்.

நடையைப் பற்றி நேராகச் சொல்கிறேன். முதல் நாள் போனக்காட்டிலிருந்து அதிருமலை முகாம்வரை 14, 15 கிலோமீட்டர். முக்கால்வாசி தூரம் நிழலான காடு, ஆறு ஆறாகக் குறுக்கே வரும், தண்ணீர்க் கவலை இல்லை. நடுவில் கொஞ்ச தூரம் புல்வெளி, வெயில் அடித்தால் மண்டை காயும். அதற்குப் பிறகு முட்டிடிச்சான் என்று ஒரு ஏற்றம். பெயரிலேயே விளக்கம் இருக்கிறது, ஏறும்போது முழங்கால் முட்டி முன்னால் வந்து இடிக்கும். இரவு அதிருமலையில் கொட்டகையில் படுக்கை, காற்று இரவெல்லாம் தகரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். இரண்டாம் நாள் உச்சிவரை சுமார் 6 கிலோமீட்டர். தூரம் குறைவுதான், ஆனால் அதில்தான் மலையின் முழு வேலையும் இருக்கிறது. ஈற்றை என்ற சிறுமூங்கில் காட்டுக்குள் புகுந்து பொங்கலாபாறைக்கு வந்து, அதற்கு மேல் வழுக்குப் பாறையில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் உண்டு. கயிறு என்றதும் பயப்பட வேண்டாம், பாறை ஏறும் வித்தை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பாறை ஈரமாக இருந்தால் மேலே போகாதீர்கள். நான் ஒருமுறை பொங்கலாபாறையோடு திரும்பியிருக்கிறேன். அதை மேலே சொன்ன நான்கில் சேர்க்கவில்லை.

அம்பையில் (அம்பாசமுத்திரத்தில்) காலை நடை போகிற பழக்கம் நல்லதுதான். ஆனால் சமதளத்தில் ஐந்து கிலோமீட்டர் நடப்பதும் இதுவும் ஒன்றில்லை. ஏறுவதற்கு மூச்சு வேண்டும், அது ஒரு மாதத்தில் பழகும். இறங்குவதற்கு முழங்கால் வேண்டும், அதற்கு மூன்று மாதமாவது ஆகும். பண்பொழி திருமலைக்கோவில் படிகளை வாரம் இரண்டு நாள் ஏறி இறங்குங்கள், முதுகில் நாலைந்து கிலோ பையோடு. இறங்கும்போது முட்டியில் வலி வருகிறதென்றால் டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை, நான் செடி வாத்தியார்.

இப்போது காட்சி. இரண்டு கடல், இலங்கை என்ற பேச்சைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், கணக்கு எளிது. பூமி உருண்டை என்பதால் எவ்வளவு உயரத்தில் நின்றாலும் ஓர் எல்லைக்கு அப்பால் தரை வளைந்து கீழே போய்விடும். மீட்டரில் உயரத்தை எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அந்த எல்லை எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 1868க்கு வர்க்கமூலம் சுமார் 43, ஆக 154 கிலோமீட்டர். காற்று ஒளியைச் சற்று வளைப்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். உச்சியிலிருந்து திருவனந்தபுரம் கடற்கரை நேர்க்கோட்டில் 40 கிலோமீட்டர் அளவுதான். கன்னியாகுமரி 70க்குள். திருச்செந்தூர்க் கடற்கரை 95லிருந்து 100. ஆகவே இரண்டு கடலும் கணக்குப்படி எல்லைக்குள் வருகின்றன, அண்ணாச்சி சொன்னதில் தப்பில்லை. இலங்கை வராது. அதன் மேற்குக் கரையே 250 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, அதுவும் தாழ்ந்த கரை. அங்கே உயர்ந்த மலையாகத் தெரியக்கூடியது சிவனொளிபாத மலை, 2243 மீட்டர். அதற்கும் இதே கணக்கைப் போட்டு இரண்டையும் கூட்டினால் 320 கிலோமீட்டர் சொச்சம்தான் வருகிறது, ஆனால் இரண்டு மலைக்கும் இடைத்தூரம் 400ஐத் தாண்டும். எவ்வளவு தெளிந்த வானமானாலும் பூமி நடுவில் நிற்கும். பலர் பார்த்ததாகச் சொல்வது அடிவானத்தில் படுத்திருக்கும் மேகத் திட்டாக இருக்க வேண்டும்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். மூன்றாவது தடவை, பிப்ரவரி முதல் வாரம், முந்தின நாள் கொஞ்சம் கோடை மழை மாதிரி தூறி ஓய்ந்திருந்தது. மேற்கே அரபிக் கடல் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது, கரையின் வெண்கோடும் அதற்கப்பால் வெயில் பட்ட தகடும். கீழே நெய்யாறு, பேப்பாறை அணைகளின் தண்ணீர். வடக்கே ஐந்தலைப் பொதிகை கையெட்டும் தூரத்தில் நிற்பது போல. கிழக்கே காரையாறு அணை, அதற்கப்பால் நம்முடைய சமவெளி ஒரு பழுப்பும் பச்சையுமான பாய். அந்தப் பாயின் ஓரத்தில், வானமும் தரையும் சேருகிற இடத்தில், மெலிதாக ஒரு வெள்ளைக் கோடு. கூட வந்தவர்கள் எல்லாரும் “திருச்செந்தூர், திருச்செந்தூர்” என்று கத்தினார்கள். கடலாக இருக்கலாம். பனிமூட்டத்தின் விளிம்பாகவும் இருக்கலாம். கடல் என்று சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ண மாட்டேன். அந்த நிலையும் இருபது நிமிஷம்தான். பத்தேகால் மணி வாக்கில் பள்ளத்திலிருந்து மஞ்சு எழும்பி வந்து கதவைச் சாத்தியது.

ஏன் அப்படி என்று புரிந்தால்தான் எப்போது போகலாம் என்பது விளங்கும். இந்த மலை இரண்டு பருவமழையையும் மறித்து வாங்குகிற சுவர். ஜூன் முதல் செப்டம்பர்வரை மேல்காற்று அரபிக் கடலின் ஈரத்தைக் கொண்டுவந்து மேற்குச் சரிவில் மோதும், அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை கொண்டல் என்ற கீழ்க்காற்று வங்காள விரிகுடாவின் ஈரத்தோடு கிழக்குச் சரிவில் மோதும். ஈரக்காற்று மேலே தள்ளப்பட்டால் குளிரும், குளிர்ந்தால் மேகமாகும். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அம்பையைவிட உச்சி 12 டிகிரி குளிர்ந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் தண்ணீர் ஓடுவதே இந்த மேகத்தால்தான். தாமிரபரணி பூங்குளத்தில் பிறக்கிறது என்றால் அந்த உச்சியில் வருடத்தில் பெரும்பாலான நாள் மஞ்சு உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். உச்சியில் மரங்களெல்லாம் ஆளுயரத்துக்குக் குறுகி, பாசி போர்த்தி, ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்பதைப் பார்த்தாலே தெரியும், இது காற்றுக்கும் ஈரத்துக்கும் பட்டா போட்ட இடம். பாறை இடுக்குகளில் நிற்கும் வரைக்கமுகு என்ற காட்டுப் பனை வகை இந்த ஈரம் இல்லாவிட்டால் அங்கே நிற்காது. காட்சிக்காக ஏறுகிறவனுக்கு எது எதிரியோ அதுதான் அந்த மலையின் உயிர்.

மழை இல்லாத தை, மாசியிலும் ஒரு சிக்கல் உண்டு. வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகி, பள்ளத்துக் காற்று ஈரத்தோடு மேலே கிளம்பும். காலை பத்து, பத்தரைக்கு மஞ்சு உச்சியைத் தொட்டுவிடும். அதிருமலையிலிருந்து காலையில் விட்டால் சாதாரணமாக நடக்கிறவர் உச்சிக்குப் போய்ச் சேருவதும் அதே பத்து, பதினொரு மணிக்குத்தான். மேலே இரவு தங்க விடமாட்டார்கள், அது நியாயம்தான். ஆக, விதிப்படி போகிறவரை மலை சரியாகக் கதவு சாத்துகிற நேரத்துக்கே வரவழைக்கிறது. இதற்கு என்னால் ஒரு வழிதான் சொல்ல முடியும். முகாமிலிருந்து முதல் குழுவோடு கிளம்புங்கள், பொங்கலாபாறையில் படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள், அதையெல்லாம் திரும்பும்போது வைத்துக்கொள்ளலாம். பிறகு மார்ச் வந்துவிட்டால் தீ பயம், புழுக்கம், சமவெளியின் தூசி எல்லாம் சேர்ந்து கிழக்கே வெறும் சாம்பல் நிறம்தான்.

1850களில் திருவனந்தபுரம் வானாய்வகத்துக்குத் தலைவராக இருந்த ஜான் ஆலன் பிரவுன் இந்த மலையில் ஒரு ஆய்வுக்கூடமே கட்டி, வானிலையும் காந்தப் புலமும் அளந்தார். கீழே ஒரு கருவி, மேலே ஒரு கருவி என்று ஒப்பிட வேண்டியிருந்தது அவருக்கு. அந்தக் கருவிகளையெல்லாம் முட்டிடிச்சான் மாதிரி ஏற்றத்தில் சுமந்து போன ஆட்களை நினைத்தால் நம் தண்ணீர்ப் பாட்டில் கனமாகத் தெரியாது.

மேலே போட்ட கணக்கில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உயரத்தின் வர்க்கமூலம் என்பதால் உயரம் கூடக் கூடத் தூரம் அதே வேகத்தில் கூடாது. 1868 மீட்டரில் 154 கிலோமீட்டர் என்றால் 1000 மீட்டரிலேயே 113 கிலோமீட்டர் வந்துவிடுகிறது. அதாவது கணக்குப்படி மாஞ்சோலை உயரத்திலிருந்தே திருச்செந்தூர்க் கடல் எல்லைக்குள் இருக்கிறது. அப்படியும் அங்கிருந்து கடல் பார்த்தவர்கள் அபூர்வம். காரணம், காற்றிலிருக்கும் தூசி, புகை, ஈரம். நம் ஊர்க் காற்றில் 50 கிலோமீட்டர் தெளிவாகத் தெரிவதே பெரிய பாக்கியம். இதைச் சோதிக்க மலை ஏற வேண்டாம். உச்சியிலிருந்து ஊர் தெரிய வேண்டுமென்றால் ஊரிலிருந்து உச்சி தெரிய வேண்டும், பார்வைக் கோடு இரண்டு பக்கமும் ஒன்றே. திருநெல்வேலி உச்சியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். பாளையங்கோட்டையில் என் தட்டட்டியிலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் மழை அடித்து ஓய்ந்த மறுநாள் காலை மலை கத்தியால் வெட்டி வைத்தது போல நிற்கும். மாசிக்கு அது நீலப் புகை. சித்திரையில் மலை இருந்ததா என்றே கேட்கத் தோன்றும். மலை ஏற அனுமதி தருகிற மாதங்களும் காற்று கழுவிவிட்ட மாதங்களும் ஒன்றாக வருவதில்லை. இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. நல்ல தெளிவு இருக்கும் மார்கழியில் வழியெல்லாம் அட்டையும் வழுக்கலும்தான்.

அதனால் என் அபிப்பிராயம், காட்சிதான் நோக்கம் என்றால் உச்சியைவிட நடுமலை மேல். அபிப்பிராயம்தான், இதற்குச் சண்டைக்கு வருகிறவர்களை எனக்குத் தெரியும். உச்சியிலிருந்து சமவெளி தொடங்குவதே பதினேழு, பதினெட்டு கிலோமீட்டருக்கு அப்பால். நடுவில் மடிப்பு மடிப்பாகக் காடு. அவ்வளவு தூரத்தில் குளம் ஒரு புள்ளி, ஊர் ஒரு கறை. மலையின் கிழக்கு விளிம்பில் நின்றால் அப்படி இல்லை. மாஞ்சோலைக்கு மேலே குதிரைவெட்டிக் காட்சிமுனையில் தை மாதம் நின்று பாருங்கள். காலடியில் அணைகள், அதற்கப்பால் பிசானப் பருவ நெற்பயிரின் பச்சை, ஆற்றுப் பாசனத்துக் குளங்கள் வெயிலில் ஒவ்வொன்றாகப் பளிச்சிடும். எது எந்தக் குளம் என்று ஊர்க்காரர் ஒருவர் சொல்லக் கேட்டால் ஒரு பகல் போவது தெரியாது. மாஞ்சோலைக்கு வனத்துறையிடம் முன்னதாக அனுமதி வாங்க வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு உண்டு. தேயிலைத் தோட்டக் குத்தகை 2028இல் முடிகிறது. அதையொட்டி அங்கே நிலைமை மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் முன் அம்பாசமுத்திரம் வன அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்கு அது பக்கம்தானே.

களக்காட்டுக்கு மேலே செங்கல்தேரியும் நல்ல இடம், அங்கும் அனுமதி வேண்டும். திருக்குறுங்குடி மலைநம்பி கோயிலுக்கு நடந்து போகிற பாதை காட்சிக்கென்று சொல்ல மாட்டேன், ஆனால் கால்களைப் பழக்க அருமையான பாதை, ஓடையும் உண்டு. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 40 தடங்களை வகுத்து, வழிகாட்டியோடு மலையேற்றத்தை இணையப் பதிவில் கொண்டுவந்தது. நம் மாவட்டத்தில் காரையாறிலிருந்து மூலக்கசம் போகிற தடம் அதில் இருக்கிறது. கூட வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் காட்டுக்காரர்கள். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள், நான் இருபத்தெட்டு வயதில் கேட்காதது போல் செய்யாதீர்கள்.

அகத்தியரைக் கும்பிடத்தான் போகிறேன், செடி பார்க்கப் போகிறேன், வாழ்நாளில் ஒருமுறை அந்த உச்சியைத் தொட வேண்டும் என்று போகிறேன் என்பீர்களானால் இத்தனை நேரம் சொன்னதெல்லாம் உங்களுக்கு வேண்டியதே இல்லை, தாராளமாகப் போகலாம். மஞ்சுக்குள் நின்றாலும் அந்த மலை குறைந்துவிடாது. யுனெஸ்கோ 2016இல் உலக உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்த்த காடு அது. 2000க்கு மேல் தாவர வகைகள் இருக்கும் நிலம், கண்ணுக்கு முன்னால் ஒரு முழம் தெரிந்தாலே எனக்கு நாள் பூராவும் வேலை இருக்கும். இலங்கை பார்க்கிறேன் என்று போனால்தான் வருத்தத்தோடு வருவீர்கள்.

அடுத்த தையில் போவதாக இருந்தால் இப்போதிருந்தே தட்டட்டியில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். காலை ஆறரை மணிக்குக் கிழக்கே சூரியன் எழும்பும்போது அதன் முதல் வெளிச்சம் உங்களுக்கு முன்னால் அந்த உச்சியில்தான் விழும். பாறை கொஞ்ச நேரம் செம்பு நிறமாக இருக்கும். அதைப் பார்க்க முடிந்த நாளுக்கு நாட்காட்டியில் ஒரு கோடு போடுங்கள். பத்தரைக்கு மறுபடி போய்ப் பாருங்கள். அப்போதும் மஞ்சு இல்லாமல் நின்றால் இன்னொரு கோடு. தை, மாசியில் எத்தனை நாளுக்கு இரண்டாவது கோடு விழுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஒரு தொலைநோக்கி இருந்தால் இன்னும் நல்லது. அம்பையிலிருந்து அந்த உச்சி நேர்க்கோட்டில் 24 கிலோமீட்டர்தான், தெளிந்த காலையில் பாறையின் வரிகூடப் பிடிபடும். எண்ணி முடித்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், என் பாளையங்கோட்டைத் தட்டட்டிக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்கும் ஆசை.